சுருங்காத நெற்றி

சுங்கச்சாவடி ஊழியர்கள் வண்டிக்காரர்களை முறைக்கக் கூடாது என்று, டெல்வினின் புருவத்திலிருந்து உச்சி நோக்கி ஏறும் தசையை நிறுவனமே ஊசி போட்டு அடக்கிவிட்டது.

அதற்கு முன்பெல்லாம் அவன் மனைவி அமலி எப்படியோ தப்பித்துவந்தாள். அவன் நெற்றியில் கோடு விழுந்து மண்டைத்தோல் பின்னால் இழுபட்டால் அடுத்தது அடிதான். அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவாள். இப்போது அந்த நெற்றி கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. அமைதியாகச் சாப்பிடுகிறான் என்று நினைப்பாள். செம்பு முகத்தில் வந்து மோதும். அப்படித்தான் அவளுக்குப் பல் போனது. போன வாரம் பிள்ளையின் கை ஒடிந்தது.

அவனிடம் சொல்லாமல் அமலி அடுத்த ஊர்ச் சுங்கச்சாவடியில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றைக்கே அவளுக்கும் ஊசி போட்டார்கள்.

வீடு திரும்பி, அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"பிள்ள கைய ஒடிச்சதுக்கு இன்னும் கோவமா இருக்கியாட்டி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க."

டெல்வின் நிமிர்ந்து அவள் நெற்றியைப் பார்த்தான். ஒரு சுருக்கம்கூட இல்லை. நிம்மதியாகத் தட்டில் குனிந்தான்.

அமலி முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்த அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கி அவன் உச்சந்தலையில் இறக்கினாள்.