பஸ்ஸில் வந்த குடும்பம்

பெரியவர் பஸ்ஸிலிருந்து காலைக் கீழே வைப்பதற்குள் உபகாரசாமி அவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார். பிறகு துண்டால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனி எதுக்குங்க கவலை? இந்த ஊரே உங்க ஊடுதானுங்க."

அது 1964. பர்மாவில் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு வரும் ஓர் அகதிக் குடும்பத்துக்கு இடம் கொடுக்க ஜேடர்பாளையத்துக் கோயில் தெரு ஒப்புக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, கல்யாண வயதில் ஒரு மகன் என்று சேதி வந்திருந்தது. முதலில் இறங்கியவர்களும் மூன்று பேர்தான்.

வரவேற்பில் சின்னப்பராஜ் மட்டும் நிற்கவில்லை. அவர் வீட்டுக்கும் அதே பஸ்ஸில் விருந்தாளிகள். கடைசியாக இறங்கியவர்களை அவசரமாக மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாதா கோயிலை ஒட்டிய கொட்டகையில் பாய் விரித்து, பருப்புச் சோறு போட்டார்கள். வந்த அம்மாள் மடியில் ஒரு கூடை. அதில் மல்லிகைச் சரமும் ஆப்பிள் பழமும் இருந்தன.

"இந்த நெலமையிலயும் வெறுங்கையோட வரல பாருங்க" என்று உபகாரசாமியின் மனைவி சகாயம்மாள் உருகினாள்.

உபகாரசாமி பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாத்தையும் உட்டுட்டு வந்துட்டீங்களா?"

"என்னங்க பண்றது? வயலு, மாடு, கன்னு எல்லாம் போட்டது போட்டபடி கெடக்குது."

சகாயம்மாள் விசும்பத் தொடங்கினாள்.

"வழியில ரொம்பப் பட்டுட்டீங்களா?"

"ராசிபுரத்துல பஸ்ஸு பஞ்சராயிருச்சுங்க."

"எதைக் கேட்டாலும் மூடி மறைக்கறாரே, மகராசன்" என்று அவள் மூக்கைச் சிந்தினாள்.

அழுத கையோடு உள்ளே போய், கணவரின் பழைய சட்டை இரண்டைக் கொண்டுவந்து பையனிடம் நீட்டினாள். "போட்டுக்க சாமி. கூச்சப்படாத."

மொடமொடப்பான புதுச் சட்டையில் இருந்த பையன் திருதிருவென்று விழித்தான். அம்மாவின் காதில் ஏதோ சொன்னான். அம்மா அப்பாவை முழங்கையால் இடித்தாள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "கவனிப்பெல்லாம் ரொம்ப சந்தோசங்க. பொண்ணை எப்பங்க காட்டுவீங்க?"

"எந்தப் பொண்ணுங்க?"

"செல்வமேரியத்தானுங்க. சின்னப்பராஜ் நீங்கதானுங்களே? ஆத்தூர்லருந்து பொண்ணு பாக்க வந்திருக்கோம்."

சகாயம்மாள் பழைய சட்டைகளை மெதுவாகத் திரும்ப வாங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அதற்குள் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. சின்னப்பராஜ் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"அண்ணா, காரியம் முடிஞ்சுதுங்க. பாத்ததுமே பையனுக்கும் புடிச்சுப் போச்சு, எம்மவளும் சரின்னு சொல்லிட்டா. சூட்டோட சூடாத் தட்டு மாத்திட்டோம். இவருதானுங்க எங்க சம்பந்தி."

அவர் பின்னால், வெளுத்துப்போன கைலி கட்டிய ஒருவர் கொட்டகையில் இருந்த எல்லோரையும் பார்த்துக் கை கூப்பினார்.

"தங்க எடம் குடுப்பீங்கன்னுதான் சொன்னாங்க. பொண்ணும் குடுப்பீங்கன்னு ஒருத்தரும் சொல்லலீங்களே."