அகராதியில் இல்லாத எழுத்து

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகட்டும்.

பழஞ்சீன மொழிபெயர்ப்பில் இரண்டு முறை கோட்டை விட்ட மாணவி அவள். இம்முறையும் போனால் பல்கலைக்கழகத்தை விட்டே போக வேண்டும். வீட்டில் மொழிபெயர்க்கக் கொடுத்த பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து எந்த அகராதியிலும் சிக்கவில்லை.

“விட்டுத் தொலைடி, உடும்பு! நாங்கல்லாம் தாண்டிப் போயிட்டோம்,” என்றாள் தோழி.

“தாண்டறதுக்கு நான் என்ன தவளையா?”

ஒரு வாரம் அந்த எழுத்தையே முறைத்துப் பார்த்துப் பொருள் எழுதிக் கொடுத்தாள்.

பேராசிரியர் அசந்துபோனார். “‘அடிபட்டும் பறக்கத் துடிப்பது’! இத்தனை வருஷம் நானே கவனிக்கலையே! எப்படிம்மா கண்டுபிடிச்சே?”

“உத்துப் பார்த்தேன் சார். ரெண்டு இறக்கை தெரிஞ்சுது. கால்கூட ஆறு இருக்கு.”

முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். அந்த எழுத்தைப் பற்றிப் பேராசிரியர் ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டார்.

வகுப்புக்கெல்லாம் அந்தப் பக்கத்தை நகலெடுத்த அன்று, ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணாடியில் ஒரு கொசு நசுங்கிக் கிடந்தது.