மாதிரி மனு

“இந்த அம்மாவுக்கு மனு எழுதத் தெரியுமா, தெரியாதா?”

சௌந்தரபாண்டியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜபாளையம் மில்லில் மறுபடியும் லீவு சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் ஞானபாக்கியத்தின் ஆபீசுக்கு வந்திருந்தான். அவனும் மனைவி நாச்சியாரும் சம்மதித்துப் போட்ட விவாகரத்து மனுவைக் கோர்ட்டில் இரண்டாம் முறையும் திருப்பிவிட்டார்கள்.

போன தடவை அவன் வயது 28 என்பது 82 ஆகியிருந்தது. புதிதாக டைப் அடித்ததும் இருவரும் வந்து பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள். இருந்த கோபத்தில் மனுவையும் வாசிக்கவில்லை, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவும் இல்லை.

இந்தத் தடவை அவன் பெயரே தப்பு. சௌந்தரபாண்டியன் என்று இருக்கவேண்டிய இடத்தில் சுந்தரபாண்டியம் என்று விழுந்திருந்தது. அது நாச்சியாரின் பிறந்த ஊர்.

அவளும் வந்திருந்தாள். மனுவை வாங்கிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தும் சிரிப்பு அடங்கவில்லை.

“எங்க ஊரையேவா நான் கட்டிக்கிட்டேன்?”

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிரிந்திருந்த இந்த ஒரு வருஷத்தில் அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறான்.

திருத்தி அடிக்கச் சாயங்காலம் ஆகும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாங்க என்றார் ஞானபாக்கியம். வேறு வழியில்லாமல் சேர்ந்தே போனார்கள். சாப்பாட்டுக் கடையில் அவள், அவன் அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தபோது தான் பட்டதையெல்லாம் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். சாயங்காலம் திரும்பி வந்தவர்கள் கையெழுத்துப் போடவில்லை. யோசித்துவிட்டு வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு பை நிறைய சப்பட்டை மாம்பழத்தோடு வந்தார்கள்.

“மனு வேண்டாம் வக்கீலம்மா. தனி வீடு பாத்துட்டோம்.”

ஞானபாக்கியத்துக்கு வாயெல்லாம் பல். கிளம்பும்போது அவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “கோவிச்சுக்கிடாதீக. இனிமே யாருக்கு எழுதுனாலும் ஒருதரம் வாசிச்சுப் பாத்துருங்க.”

“பாக்கேன் தம்பி” என்று பணிவாகத் தலையாட்டினார்.

அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, வேலுசாமி என்ற இளவட்ட வக்கீல் உள்ளே போனார். பேச்சு காதில் விழுந்தது.

“அக்கா, விவாகரத்து மனு எழுதணும். உங்க மாதிரி மனு ஒண்ணு வேணும்.”

“புருஷன் கைநீட்டுதானா?”

“இல்லக்கா. வெறும் கோவந்தான்.”

“அப்ப கீழ்த்தட்டுல இருக்க சரியான மனு வேண்டாம். மேல்தட்டுல இருக்கத எடுத்துக்கோ. எங்கெங்க தப்பா டைப் அடிக்கணும்னு பென்சில்ல குறிச்சு வச்சிருக்கேன்.”