தொண்ணூறுக்குக் கீழே

கோமளாவின் கைப்பட்டை நூற்றுப் பதினெட்டு என்று சிவப்பில் காட்டியது. நாடித்துடிப்பு தொண்ணூறைத் தொட்டால் தொழிற்சாலையின் வாசல் கதவு திறக்காது. பதற்றத்தோடு யாரும் சாலையில் இறங்கக் கூடாதென்று ஊழியர் நலனுக்காகக் கம்பெனி போட்ட விதி.

"அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில கிடக்காருன்னு சொல்றேன். பதறாம எப்படிங்க இருக்கறது?" என்று செக்யூரிட்டியிடம் சீறினாள். எண் நூற்று இருபத்தாறானது.

"கோவப்படாதீங்கம்மா, இன்னும் ஏறுது பாருங்க. அந்த நாற்காலியில உக்காந்து மூச்சை நல்லா இழுத்து விடுங்க. என் கையில ஒண்ணுமில்ல."

நாற்பது நிமிடம் இழுத்து விட்டாள். எதிர்ச்சுவர்த் திரையில் அருவி கொட்டியது, புல்லாங்குழல் குழைந்தது. எண் மட்டும் இறங்குவேனா என்றது.

அப்போது எஸ்தர் ஒரு கையைப் பின்னால் வைத்தபடி நிதானமாக நடந்து வந்தாள். உள்ளே யாருக்கும் செல்போன் கிடையாது. வீடுகளிலிருந்து வரும் அழைப்புகளை எடுத்துச் சேதி சொல்பவள் அவள்தான்.

"கோமு, உங்கம்மா பேசினாங்க. அப்பா கண்ணு முழிச்சுட்டாராம். இட்லி கேட்டாராம்டி."

கோமளா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். எண் மெல்ல மெல்ல இறங்கியது. எண்பத்தொன்பதில் பட்டை பச்சையானது, கதவு விலகியது. வெளியே ஓடியவள், ஆட்டோவில் ஏறுமுன் எஸ்தருக்குக் கையாட்டத் திரும்பினாள்.

மூடிவிட்ட கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், அதே நாற்காலியில் எஸ்தர் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிரவே இல்லை. மடியில் கிடந்த கையில், நூற்று நாற்பது என்று சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.