நாலு மடிப்பு

எல்லம்மா மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டாள். அமுதவல்லியின் தலை வேலிக்கு மேல் தெரிந்ததுதான் தாமதம், பட்டென்று சத்தம். மூன்று நாளாக இதே கூத்து.

"இன்னாமோ கீது அந்த வூட்ல" என்றாள் அமுதவல்லி, கையில் இருந்த ஊசியை நிறுத்தாமல்.

கொரோனாவால் பழவேற்காட்டு பஸ்ஸெல்லாம் நின்றுபோயிருந்த நேரம். பொன்னேரியில் விற்கலாம் என்று நண்டுக் கூடையோடு நடந்தே கிளம்பியவளைப் போலீஸ்காரர்கள் பாதி வழியில் விரட்டிவிட்டார்கள். கோட்டைக்குப்பம் திரும்பியவள், அந்த அசதியில் ஒரு நாள் முழுக்க அடித்துப்போட்ட மாதிரி கிடந்தாள்.

எழுந்ததும் செத்துப்போன புருஷனின் லுங்கிகளைக் கிழித்து, தெருவுக்கே மாஸ்க் தைக்க உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பழைய வேட்டித் துணி, காதுக்குப் பாவாடை நாடா. மொத்தம் நாலு மடிப்பு.

"கருவாட்டுக் கூடையில தலைய வுட்டாலும் நாத்தம் வராது. அப்பேர்ப்பட்ட மாஸ்க்கு!" என்று வாங்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றுவது குறைவு. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் கலைவாணிக்கு இன்னும் பத்தே நாள்தான். ஏதாவது ஆகிவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? பதிலை விடுங்கள், அமுதவல்லிதான் உயிரோடு இருப்பாளா?

"அம்மா, கொமட்டுதும்மா. ஒரே நாத்தம்" என்று கலைவாணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"புள்ளத்தாச்சிக்கு எதுதான் நாறல? ஒன்ன சொமக்கறப்போ எனக்கு சுடுசோறே நாறிச்சு."

சொன்னாளே தவிர, புத்தி முழுக்கப் பக்கத்து வீட்டில்தான் இருந்தது. அடுத்த வீட்டில் ஒன்று என்றால் அமுதவல்லிக்கு மூக்கில் வியர்த்துவிடும். எல்லம்மா தன் வீட்டு முற்றத்தில் பாத்திரம் கழுவக்கூட ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் தருமலிங்கம் வாசல் பக்கமே தலைகாட்டவில்லை. ஜன்னலிடுக்கில் பொழுதுக்கும் சாம்பிராணிப் புகை. நடுநடுவே இருமல் வேறு!

போன வாரம் வந்த நர்ஸம்மா தெருவையே நிற்கவைத்துச் சொன்னாளே, காய்ச்சல், இருமல், மூக்குக்கு வாசனை தெரியாமல் போவது, எது வந்தாலும் மறைக்காதீர்கள் என்று. கிராதகர்கள், மறைக்கிறார்கள்!

மத்தியானம் மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது தருமலிங்கத்தின் இருமல் மறுபடியும் கேட்டது. அவ்வளவுதான், தட்டை அப்படியே வைத்துவிட்டு போனும் கையுமாக வேலிக்குப் பாய்ந்தாள்.

"ஏ எல்லம்மா! வெளிய வாடி! நர்ஸம்மாவுக்கு போன் போடப் போறேன்!"

ஜன்னல் ஒரு சாண் திறந்தது. "இன்னாக்கா? நீ பேசறது காதுல வுழல!"

அமுதவல்லி மாஸ்க்கைக் கழுத்துக்கு இழுத்துவிட்டுக் கத்தினாள். "எத்தினி நாளுடி மறைப்பே? எம் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுனா ஒன்ன சும்மா வுட மாட்டேன்!"

"எங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா."

"அப்போ இருமறது யாரு? ஒங்க தாத்தாவா?"

"சாம்பிராணி பொகை அவருக்கு ஒத்துக்கல."

"கதை வுடாத. மூக்குக்கு வாசன தெரியுதா ஒனக்கு? அத சொல்லு மொதல்ல!"

எல்லம்மா தயங்கினாள். அந்தத் தயக்கம் ஒன்று போதாதா? மாட்டினாளடா என்று அமுதவல்லி போனைத் தூக்கினாள்.

"தெரியறதாலதான்க்கா கதவ சாத்தறோம்!" எல்லம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒன் வூட்டு கொல்லையில சாக்கு போட்டு மூடிக் கீற நண்டு அழுகி மூணு நாளாவுது. கொடல பொரட்டுது. அதுக்குத்தான் ரெண்டு மாஸ்க்கு, சாம்பிராணி எல்லாம். தெருவுக்கே மாஸ்க்கு தெச்சி குடுக்கறவ, ஒங்கிட்ட போயி நாறுதுனு எப்பிடி சொல்றது?"

அமுதவல்லி திரும்பிப் பார்த்தாள். ஐயோ, அந்தக் கூடையை அடியோடு மறந்தே போனாள்! நாலடி தூரத்தில் சாக்கின் மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் பயம் ஒரே நொடியில் இறங்கிப்போக, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடச்சீ, இதுக்கா? எனக்குத் தெரியவே இல்ல பாரேன்! நாலு மடிப்புல்ல? எப்பிடி நாத்தம் உள்ள வரும்?"

அதற்குள் கலைவாணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பாதிச் சோற்றுத் தட்டோடு பின்னாலேயே வந்து நின்றாள். "இன்னும் ரெண்டு வாய் ஊட்டிட்டுப் போம்மா."

எல்லம்மா கலைவாணியைப் பார்த்தாள். பிறகு அமுதவல்லியைப் பார்த்தாள்.

"மாஸ்க்கு ஒன் கழுத்துல கெடக்குதேக்கா."