எட்டுப் பேரில் ஒருத்தி

துணியை நனைத்தாயிற்று. பிழிந்தும் ஆயிற்று.

கைதான் மேலே போகவில்லை.

எதிரே சுவரில் ஓர் அட்டை. நீல ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது. ஈரம் பட்டால் போய்விடும்.

மாணவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கல்லூரிக் கண்காட்சிக் கூடத்தில் ஒரு ஆளும் இல்லை. வெளியே போர்டிகோவில், கலர்ப் பொடியால் அவர்கள் தரையில் போட்ட ஊர் வரைபடம். குளம் நீலம். வயல் பச்சை. காலனி சிவப்பு. விருந்தினர் பார்த்து முடித்ததும் அதை அவள்தான் கழுவ வேண்டும். வருடா வருடம் ஓர் ஊர் வரைகிறார்கள். வருடா வருடம் கழுவுகிறாள்.

அட்டையை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'தாமரை (பெயர் மாற்றப்பட்டுள்ளது), வயது 51. வெறுங்கையால் ஆசிட் ஊற்றிக் கழிப்பறை கழுவுகிறார். விருந்தினர் வரும் நாளில் மட்டும் கையுறை தரப்படுகிறது. உட்கார்ந்து சாப்பிட இடமில்லை.'

எல்லாம் அவள் சொன்னதுதான். மார்கழியில், விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து, மிருதுளா என்கிற மாணவியிடம் சொன்னது. ஆய்வுக்குத்தான், பேரை மாத்திடுவோம் அக்கா, பயப்படாதீங்க என்றது அந்தப் பெண்.

மாற்றித்தான் இருக்கிறது. தாமரை. நல்ல பேர்.

அதற்குக் கீழேதான் அந்த வரி.

'எட்டுப் பெண்களில் கையெழுத்துப் போடுபவர் இவர் மட்டுமே. நாற்பத்து நான்கு வயதில் எழுதப் படிக்கக் கற்றவர். மற்ற எழுவரும் கைநாட்டு.'

காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் கோதண்டத்துக்குப் பேர் எதற்கு? தினமும் இரண்டு வேளை வருகைப் பதிவேட்டை விரித்துப் பிடிப்பவர் அவர். ஏழு பெருவிரல். ஒரு கையெழுத்து.

போன வருடம் கையுறை கேட்டவள் சாந்தா. மறுநாள் வாசல் கேட்டோடு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார் கோதண்டம்.

மூன்று மணிக்கு விருந்தினரோடு கோதண்டமும் வருவார்.

அழிக்க வேண்டியது அந்த ஒரு வரிதான். அட்டையில் அவளுக்குப் பிடித்ததும் அந்த ஒரு வரிதான்.

துடைத்தாள்.

நீலம் இழுபட்டுத் தண்ணீராய் வழிந்தது.

படியில் செருப்புச் சத்தம். மிருதுளா.

"ஐயோ, ஏசித் தண்ணி சொட்டிடுச்சா?"

பரபரவென்று ஒரு வெள்ளைத் தாளை வெட்டினாள். அந்த இடத்தில் ஒட்டினாள். அதே வரியை மறுபடி எழுதினாள். இந்த முறை சிவப்பில். பெரிதாக.

"இதுதான்க்கா முக்கியமான பாயின்ட்டே."

அவள் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் கூப்பிடுகிறார் என்று ஓடிவிட்டது அந்தப் பெண். தரையில் சிவப்புப் பேனா கிடந்தது. எடுத்து மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். தாளைக் கிழிக்கலாம் என்று நிமிர்ந்தாள். ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

பம்பு ரூமுக்குப் பின்னால் மற்ற ஏழு பேரும் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னாள். பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிட்டாள்.

"பேரை மாத்திட்டு ஆளை அப்டியே வுட்ருச்சா அந்தப் பொண்ணு?" என்றாள் அஞ்சலை. "போச்சு போ. நாளைக்கு நீ கேட்டுக்கு அந்தாண்ட."

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

பூங்காவனம் கையைக் கழுவினாள். புடவையில் துடைத்தாள். இடது உள்ளங்கையை அவள் முன்னால் நீட்டினாள்.

"என் பேரை எழுது."

"இப்ப எதுக்குடி?"

"எழுதுன்னா எழுது."

"உன் பேரு நீளம். கையில இடம் பத்தாது."

"பூங்கான்னு போடு. அந்தாளுக்கு அது போதும்."

சிவப்புப் பேனாவால் எழுதினாள். பூங்காவனம் ஊதி ஊதிக் காயவைத்தாள். அதன்மேல் கையுறையை மாட்டினாள். இன்று விருந்தினர் நாள். கையுறை உண்டு.

அஞ்சலை கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவளும் கையை நீட்டினாள்.

மூன்று மணிக்குக் கோதண்டம் அட்டையின் முன்னால் நின்றார். விருந்தினர் நகர்ந்த பிறகும் நின்றார். ஒட்டுத்தாளை விரலால் தடவிப் பார்த்தார்.

ஐந்து மணிக்கு அவள் ஊரைக் கழுவினாள். குளமும் வயலும் காலனியும் ஒரே நிறமாகிச் சாக்கடைக்குப் போயின. இடுப்பு விட்டுப்போயிற்று. நாளைக்கு இந்த வலி இருக்காது என்று நினைத்தாள். நினைத்ததும் பயமாக இருந்தது.

ஐந்தரைக்குப் பதிவேடு.

எப்போதும் வரிசையில் அவள் கடைசி. ஏழு பேரும் வைத்த பிறகு மைப்பெட்டியை மூடி, பையிலிருந்து பேனாவை எடுப்பார் கோதண்டம். அவளுக்கு மட்டும்.

இன்று பேனாவை முதலிலேயே எடுத்து மேஜைமேல் வைத்தார். வரிசையைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

"முன்னாடி வாங்க, தாமரை."

அவள் கால் ஒரு அடி வைத்தது.

அதற்குள் முதலில் நின்ற பூங்காவனம் குனிந்துவிட்டாள். மைப்பெட்டியை ஓரமாகத் தள்ளினாள். பேனாவை எடுத்தாள். இடது கையுறையை உரித்தாள். வியர்வையில் சிவப்பு கொஞ்சம் கலங்கியிருந்தது. உள்ளங்கையைப் பார்த்தாள், பதிவேட்டைப் பார்த்தாள், மறுபடி உள்ளங்கையைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தாள்.

பூங்கா.

கட்டத்தைத் தாண்டி அடுத்த பேருக்குள் போய் நின்றது கடைசி எழுத்தின் கால்.

கோதண்டம் பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

பூங்காவனம் அதைப் பின்னால் கொடுத்தாள்.

அஞ்சலை கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.