கறுப்பு வண்டியின் எடை

“கறுப்பு வண்டி. நல்ல உயரம், கனமும் ஜாஸ்தி. பத்து மணி வாக்குல வரும், மறிச்சுப் பாருங்க,” என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கிசுகிசுத்தான் ஐவார். கார் நம்பரை இரண்டு தடவை சொன்னான். தன் பெயரை மட்டும் சொல்லவில்லை.

மறுமுனையில் இருந்தவள், உறைந்த கடல்மேல் தீவுக்குப் போகிற பனிச்சாலையின் காவல்காரி. இரண்டு டன்னுக்கு மேல் எதையும் பனிமேல் விடக்கூடாது என்பது இந்த வாரத்து உத்தரவு. லாரி, வேன்களைத்தான் சோதிப்போம், கார்களை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் சொன்னதால் இன்றைக்கு எல்லாருடைய வண்டிக் காகிதத்தையும் பார்த்துவிடுகிறேன் என்றாள்.

கதவைத் திறந்தால் எதிரே மனைவி லீவி.

“யார்கிட்டங்க பேசிட்டிருந்தீங்க?”

“ஆபீஸ்ல ஒரு அவசரம்.”

அவள் மப்ளரைச் சுற்றிக்கொண்டே வாசலுக்கு நடந்தாள். தெருவில் வீட்டுக்கு வீடு சுதந்திர தினக் கொடி ஏற்றியிருந்தார்கள்.

கறுப்பு வண்டி வேறு யாருடையதும் இல்லை, சகலை ரைகோவுடையதுதான். லீவியின் தங்கை மரேயைக் கட்டியவன். அவன் வீட்டில்தான் இன்றைக்கு மத்தியான விருந்து, தீவிலிருந்து மாமனாரை அழைத்து வர வேண்டும். “ரெண்டு மாப்பிள்ளையில யாரு முதல்ல என் வாசல்ல வந்து நிக்கிறீங்களோ, அவர் வண்டியில வர்றேன்,” என்று கிழவர் போனில் சொல்லியிருந்தார்.

பதினோரு வருஷமாக மூத்த மாப்பிள்ளை ஐவார். ஆனால் மாமனார் ஒரு தடவைகூட அவன் வண்டியில் விரும்பி ஏறியதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு, புதிதாக வாங்கிய மின்சாரக் காரைத் துடைத்து, முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். கிழவர் அதைச் சுற்றி வந்து, அழகாயிருக்கிறது, படுக்கத்தான் சௌகரியம் என்று சொல்லிவிட்டு, ரைகோவின் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் ஐவாருக்கு இன்னும் அடங்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸ் விருந்து முழுக்க அதே பேச்சுதான். தன் வண்டியின் வளைவைப் பார், தரையோடு ஒட்டி ஓடும், திருப்பத்தில் கத்தி மாதிரி திரும்பும், சத்தமே வராது என்றான் ஐவார். பனி முழங்கால் உயரத்துக்குக் கொட்டும்போது தரையோடு ஒட்டி எங்கே ஓடுவது என்று கேட்டான் ரைகோ. மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள், லீவியும்தான்.

அந்தக் கோபத்தில் மறுநாளே போய், இருப்பதிலேயே நல்ல குளிர்கால டயர் கேட்டான். சாதாரண ரகம் இந்த வண்டிக்கு ஆகாது, பாரம் தாங்குகிற ரகம்தான் போட வேண்டும் என்றார் கடைக்காரர். ஏமாற்றுகிறார் என்று முனகிக்கொண்டே மாட்டிக்கொண்டு வந்தான்.

லீவியோடு கடற்கரைக்குப் போகும் வழியில் ரைகோவை இரண்டு இடத்தில் முந்தியிருக்கலாம். ஐவார் வேண்டுமென்றே பின்னாலேயே ஓட்டினான். அவன் மறிக்கப்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் கறுப்பு வண்டி நின்றது. காவல்காரி கூண்டிலிருந்து வருவதற்குள் ரைகோ இறங்கி வந்து ஐவாரின் வண்டிக் கண்ணாடியைத் தட்டினான்.

“சகலை, பெல்ட்டக் கழட்டிருங்க. பனி விரிசல் விட்டுச்சுன்னா வெளிய குதிக்கணும்ல. உங்க வண்டியில படுத்திருந்து எந்திரிக்கவே நேரமாகும்.”

சிரிப்பா, சிரி, இன்னும் ஒரு நிமிஷம்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான் ஐவார். காவல்காரி ரைகோவின் காகிதத்தை வாங்கி விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள்.

கம்பம் மேலே போனது. கறுப்பு வண்டி பனியில் இறங்கி, நிதானமாகத் தீவைப் பார்த்து ஓடியது.

ஐவார் கண்ணாடியை இறக்கினான். “என்னம்மா, அந்த மலையை விட்டுட்டீங்க?”

“அது பாக்கத்தான் சார் மலை. ஆளோட சேத்தே ஆயிரத்து எண்ணூறு கிலோதான். உங்க காகிதத்தக் குடுங்க.”

கொடுத்தான். அவள் அதிகநேரம் படிக்கவில்லை.

“உங்களுது ரெண்டாயிரத்து முந்நூறு. அடியில பூரா பேட்டரி. திருப்பிக்குங்க சார்.”

எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்கும் என்று கேட்டு வாங்கியவன் அவன். எடை என்ன என்று கேட்கவே இல்லை. தூரத்தில் கறுப்புப் புள்ளி கரையேறி, மாமனார் வீட்டுப் பக்கம் திரும்பியது.

காவல்காரி காகிதத்தை மடித்து நீட்டினாள். “காருன்னா நான் பாக்கவே மாட்டேன் சார். காலைல யாரோ ஒரு புண்ணியவான் போன் பண்ணாரு, பேரு சொல்லல. அவரு மட்டும் சொல்லலைன்னா உங்கள அப்படியே பனிமேல விட்டிருப்பேன்.”

ஐவார் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். லீவி தான் கழற்றியிருந்த பெல்ட்டை மறுபடி இழுத்து மாட்டினாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“இன்னிக்கு உங்க ஆபீஸ் லீவுதானேங்க?”